தவசியை எழுப்பும் பாட்டு

கபடியில் அவுட் ஆனவனைக் கள்ளிவிளையில் யாரும் அவுட் ஆனவன் என்று சொல்ல மாட்டார்கள், செத்தவன் என்றுதான் சொல்வார்கள். அவன் போய் உட்காருகிற ஓரக் கட்டத்துக்குச் செத்தவன் கட்டம் என்று பெயர், அவனுடைய அணி ஒரு புள்ளி எடுத்ததும் அவன் திரும்ப உள்ளே வருவதற்கு எழும்புவது என்று பெயர், கபடி கபடி என்று மூச்சு விடாமல் எதிராளிக் களத்துக்குள் போவதற்குப் பாடிப் போவது என்று பெயர். விளையாடிவிட்டு வந்த பிள்ளை கஞ்சியைக் குடித்துக்கொண்டே இன்றைக்கு மூணு தடவை செத்தேன், ரெண்டு தடவை எழும்பினேன் என்று சொல்வான், பெற்றவளும் முகம் மாறாமல் சரி, கையைக் கழுவு என்பாள். சாவையும் எழும்புவதையும் இத்தனை சல்லிசாக வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தால் என்றைக்காவது ஒருநாள் அந்தச் சொற்கள் தங்களுக்கு உரிய மரியாதையைக் கேட்டு வந்து நிற்கத்தான் செய்யும். தவசிமுத்து விஷயத்தில் அவை வந்து நின்றன.

அது அம்மன் கோயில் கொடைத் திருவிழாவை ஒட்டி நடந்த போட்டி, ஆனைவிளையோடு இறுதி ஆட்டம். கள்ளிவிளையில் பாடிப் போகிறவர்கள் என்றால் தவசிமுத்துவும் சுயம்புலிங்கமும்தான். ஒரே தெரு, ஒருவனுக்கொருவன் மாப்ள, ஒருவன் செத்தால் மற்றவன் போய் எழுப்பிவிடுவான், அதனால் இருவரில் எவனும் செத்தவன் கட்டத்தில் குண்டி சூடேற உட்கார்ந்ததே கிடையாது. அன்றைக்கு ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் ஆனைவிளைக்காரர்கள் தவசியை மடக்கிப் பிடித்து மேலே விழுந்தார்கள், யாருடைய முட்டியோ நெஞ்சில் ஏறியது. தவசி எழுந்து, செம்மண்ணைத் தட்டிவிட்டு, கூட்டத்தில் நின்ற தன் மாசமான பெண்டாட்டி செல்வக்கனியைப் பார்த்து ஒன்றுமில்லை என்று தலையசைத்து, தானாகவே நடந்து போய்க் கட்டத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கள்ளிவிளை ஒரே ஒரு புள்ளி முன்னால் இருந்தது. கடைசிப் பாட்டு சுயம்புவுடையது.

"மாப்ள, ஒரு ஆளத் தொட்டுட்டு வால, என்னை எழுப்பிவிடுல!" என்று தவசி கத்தினான்.

சுயம்பு பாடிப் போனான். அவன் போன வேகத்தில் ஆனைவிளையின் ஓரத்து ஆள் ஞானதுரைக்குப் பொலபொலத்த மண்ணில் கால் வாரிவிட்டது, மல்லாந்து கிடந்தான், காலை எட்டி நீட்டினால் பெருவிரல் படும். ஊரே பார்த்தது. சுயம்புவும் பார்த்தான். ஆனால் ஒரு புள்ளி கையில் இருந்தது, நேரம் தீர்ந்துகொண்டிருந்தது, சும்மா திரும்பி வந்தாலே ஜெயிப்பு, நீட்டிய காலை எவனாவது பிடித்துக்கொண்டால் எல்லாம் போயிற்று. போதாததற்கு முன்வரிசை நாற்காலியில் சென்னையிலிருந்து ஆள் எடுக்க வந்த இரண்டு பேர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுயம்பு நின்ற இடத்திலேயே பாடினான், பாடிக்கொண்டே பின்னால் நகர்ந்தான், நடுக்கோட்டைத் தாண்டித் தன் பக்கம் வந்தான். விசில் ஊதியது. ஊர் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியது, கேடயம் கைக்குக் கை மாறியது. மேளம் சற்று ஓய்ந்த பிறகுதான் தவசி இன்னும் கட்டத்தில் உட்கார்ந்திருப்பதை யாரோ பார்த்தார்கள்.

டாக்டர் வந்தார், நாடி பிடித்தார், கண்ணில் லைட் அடித்தார், உயிர் போய்விட்டது, தூக்குங்கள் என்றார். தூக்க முடியவில்லை. கனம் என்று சொல்ல முடியாது, கைக்குக் கனமே தெரியவில்லை, ஆனால் உடம்பு கட்டத்தை விட்டு வர மாட்டேன் என்றது. வடம் கட்டி இழுத்தார்கள், சுற்றிலும் தோண்டினார்கள், தோண்டத் தோண்டத் தேரி மேட்டுச் செம்மணல் சரிந்து வந்து குழியை நிரப்பியது. நடுவராக இருந்த பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் அருள்மணி சார் கழுத்தில் விசிலோடு வந்து, "விடுங்கப்பா. எழுப்பாம கட்டத்த விட்டு எந்திரிச்சா ஃபவுல். தவசி இத்தன வருசத்துல ஒரு ஃபவுல் பண்ணுனதில்ல" என்றார். அது எல்லோருக்கும் சரியாகப் பட்டது, வடத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்கள்.

செல்வக்கனி வந்து மண்ணில் விழுந்து அழ வாயைத் திறந்தாள். பெண்கள் ஓடிவந்து அவள் வாயைப் பொத்தினார்கள். எழும்பப் போகிறவனுக்கு ஒப்பாரி வைக்கக் கூடாது, வைத்தால் அவன் எழும்பாமலே போய்விடுவான் என்றார்கள். இப்படி ஒரு சாஸ்திரம் அதற்கு முந்தின நாள் வரைக்கும் உலகத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து அது ஆதிகாலத்துச் சாஸ்திரம் ஆகிவிட்டது, செல்வக்கனியும் வந்த அழுகையை அப்படியே விழுங்கிக்கொண்டாள்.

தவசியின் உடம்பு கெடவில்லை, தாடி வளரவில்லை, ஒரு இரவில் முருங்கைக் கன்றுகளை மூடிவிடுகிற காற்றுமணல்கூட அவனிடம் வந்ததும் இரண்டாகப் பிரிந்து போனது. முதலில் ஒரு குடையை ஊன்றினார்கள், பிறகு ஓலைப் பந்தல், பிறகு தகரம், பிறகு தேர்தலில் நின்ற ஒருவர் தன் பெயரைப் பெரிதாக எழுதிக் கட்டிக் கொடுத்த சிமெண்டுக் கூரை. அடக்கம் நடக்காததால் இறப்புச் சான்றிதழ் தர முடியாது என்று ஆபீசில் சொன்னார்கள், அதனால் ரேஷன் கார்டில் அவன் பெயர் இருந்தது, வாக்காளர் பட்டியலிலும் இருந்தது, தேர்தலுக்குத் தேர்தல் எல்லாக் கட்சிக்காரர்களும் வந்து அவன் மடியில் சீட்டை வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். மகள் சுகந்தி பிறந்ததும் அவன் மடியில் கிடத்தித்தான் பெயர் வைத்தார்கள். அவளுக்குக் கல்யாணம் ஆனபோது அப்பனைவிட வயதில் மூத்திருந்தாள், என்றாலும் அவன் காலில் விழுந்து, அவன் விரலில் தானே திருநீற்றை ஒட்டி, தானே நெற்றியை அதில் உரசிக்கொண்டு எழுந்தாள்.

மைதானத்தில் ஆட்டமும் நிற்கவில்லை. செத்தவர்கள் உட்காரப் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டுக்கொண்டார்கள். கள்ளிவிளை புள்ளி எடுக்கும்போதெல்லாம் கூட்டம் மொத்தமும் ஒருமுறை தவசியைத் திரும்பிப் பார்க்கும், அவன் எழும்ப மாட்டான், கூட்டம் மறுபடி ஆட்டத்தைப் பார்க்கும். ஏன் எழும்பவில்லை என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை. அது சுயம்பு பாட வேண்டிய பாட்டு, சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்காக ஒருவரும் சுயம்புவைக் குறை சொன்னதில்லை, புத்தியா ஆடுனான் என்றுதான் சொன்னார்கள். அவனுக்கு அதுதான் தாங்கவில்லை. வைதிருந்தால் ஊரிலேயே கிடந்திருப்பான்.

சுயம்பு சென்னைக்குப் போனான், அரசுத் துறை ஒன்றின் அணியில் சேர்ந்தான், அந்த அணிக்காக ரயிலேறி ஊர் ஊராகப் போய்ப் பாடினான். மெத்தை விரித்த களத்திலும் சாணி மெழுகிய களத்திலும் பாடினான், எந்த ஊரில் பாடினாலும் நடுக்கோட்டைத் தாண்டும்போது ஓரக் கட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் போனான். அங்கே யார் உட்கார்ந்திருந்தாலும், பெயர் தெரியாத புதுப் பையனாக இருந்தாலும், போன வாரம் தன்னோடு சண்டை போட்டவனாக இருந்தாலும், அவனை எழுப்பாமல் திரும்ப அவன் காலால் முடியவில்லை. கடைசி ஆளையும் எழுப்பும் சுயம்பு என்று பத்திரிகையில் படம் போட்டார்கள். மாநில அணியில் எடுத்தார்கள். பெரிய கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஒரு புள்ளி முன்னால் இருக்கையில் கடைசிப் பாட்டு அவனுக்கு வந்தது, சும்மா போய்விட்டு வந்தால் போதும் என்று பயிற்சியாளர் வெளியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். கட்டத்தில் ஒரு மதுரைக்காரப் பையன் உட்கார்ந்திருந்தான். சுயம்பு உள்ளே போனான், ஆழமாகப் போனான், நாலு பேர் கையில் மாட்டினான், முட்டிச் சவ்வு கிழிந்தது, கோப்பையும் போயிற்று. அந்தப் படத்தைப் பத்திரிகையில் போடவில்லை.

அதற்குப் பிறகு அவன் மேனேஜர் ஆனான். முதலில் ஓரளவு பெயர் சொல்லக்கூடிய அணிக்கு, பிறகு மாவட்ட அளவில் ஆடும் அணிக்கு, பிறகு தாலுகா லீக்கில் கடைசிக்கு முந்தின இடத்தில் வருகிற அணிக்கு. மேனேஜர் என்றால் பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். வேன் டிரைவரை எழுப்புவது, வாழைப்பழத் தார் வாங்குவது, ஐஸ் கட்டியை முட்டியில் வைத்து அழுத்துவது, தோற்றுவிட்டு வரும்போது யாரும் யாரோடும் பேசாத வேனில் ஏதாவது பாட்டுப் போடப்பா என்று சொல்வது. அந்தப் பையன்களுக்கு மேலே போகப் போவதில்லை என்று தெரியும், அவனுக்கும் தெரியும். வேறெதைப் பற்றியும் அவன் அவர்களிடம் அதிகம் பேசவில்லை, ஆட்டம் முடியும்போது கட்டத்தில் நம்ம ஆள் ஒருத்தனும் இருக்கப்படாது, அவ்வளவுதான் என்பான். அதனாலேயே ஜெயிக்க வேண்டிய பல ஆட்டங்களைத் தோற்றார்கள். கல்யாணம் அவன் செய்துகொள்ளவில்லை. அம்மா இறந்தபோது ஊருக்கு வந்தான், மைதானத்து வழியில் வராமல் முருங்கைத் தோட்டத்துக்குள் புகுந்து வந்து அதே வழியில் திரும்பிப் போனான்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வேறு எந்த அணியும் அவனைக் கூப்பிடாத காலத்தில், கள்ளிவிளையே கூப்பிட்டது. ஊர் அணி அப்போது லீக்கின் அடியில் கிடந்தது, மேனேஜராக வேறு யாரும் வர மாட்டேன் என்றுவிட்டார்கள். சுயம்பு கையில் ஒரு பையோடு பஸ்ஸிலிருந்து இறங்கினான். இந்த முறை மைதானத்து வழியிலேயே வந்தான்.

சிமெண்டுக் கூரையின் தூண்களில் மஞ்சள் நூல் பந்து பந்தாகச் சுற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் கிடக்கிற புருசன் எழும்ப வேண்டும், படுத்த வியாபாரம் எழும்ப வேண்டும், பரீட்சையில் விழுந்த பையன் எழும்ப வேண்டும் என்று வெளியூரிலிருந்தெல்லாம் வந்து கட்டிய நூல். எதிரே டீக்கடை, கலர் சோடாக் கடை, தேங்காய்க் கடை. நடுவில் தவசி அப்படியே உட்கார்ந்திருந்தான், நெற்றியில் வியர்வைகூட உலரவில்லை. கண் நடுக்கோட்டில் இருந்தது, சுயம்பு திரும்பி வரும் இடத்தில், சரியாக அந்த இடத்தில். செத்தவன் கண்ணைச் சுயம்பு பார்த்திருக்கிறான். இது எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற கண். சுயம்பு பையை வைத்துவிட்டு அவனுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தான்.

செல்வக்கனி தோட்ட வேலை முடிந்து ஈரத் துணியோடு வந்தாள். தலை நன்றாக நரைத்திருந்தது. புருசனின் முகத்தைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள், பிறகு துணியைப் பிழிந்துகொண்டே பேசினாள்.

"வந்துட்டியளா அண்ணே."

"வந்துட்டேம்மா."

"எவ்வளவோ பேரை எழுப்புனியளாம். பேப்பர்ல போட்டிருந்தான், சுகந்தி வாசிச்சுக் காட்டுனா." கோபமாகச் சொல்லவில்லை, ஊர்ச் செய்தி சொல்வதைப் போலச் சொன்னாள். "இவியளையும் எழுப்பிவிடுங்கண்ணே."

சுயம்பு தவசியைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "எழும்புனா என்ன ஆவும்னு தெரியாது தங்கச்சி. ஒருவேளை..."

"ஒருவேளை போயிருவாவ. எனக்குத் தெரியாதா? இருந்தா சோறு போடுதேன், போனா அழுதுகிடுதேன். ரெண்டுல ஒண்ணு வேண்டாமா எனக்கு? அன்னைக்கு முழுங்குன அழுகை தொண்டையிலயே நிக்கிண்ணே. தண்ணி குடிச்சாகூட அதச் சுத்திக்கிட்டுத்தான் எறங்குது."

அதற்குப் பிறகு சுயம்புவால் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. மறுநாளே அருள்மணி சாரிடம் போய்க் கேட்டான். சார் மிகவும் வயதாகி, காது மந்தமாகி, இருந்தாலும் விசிலைக் கழற்றாமல் இருந்தார். அவர், அந்தக் கடைசிப் பாட்டைத் தான் செல்லாது என்று அறிவித்தால் அதைத் திரும்பப் பாடலாம், அதே இரண்டு அணியும் நிற்க வேண்டும், ஆனால் அப்படி அறிவித்தால் ஆட்டம் இன்னும் முடியவில்லை என்று ஆகும் என்றார்.

விஷயம் ஊர்க் கூட்டத்துக்கு வந்தது. கள்ளிவிளைக்கு வாழ்நாளில் கிடைத்த கேடயம் அது ஒன்றுதான், ஊர்ச் சங்கக் கட்டிடத்தில் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார்கள்.

"ஆட்டம் முடியலன்னா நாம ஜெயிக்கலன்னுல்லா அர்த்தம்? நீரு போயிப் புடிபட்டா கேடயத்த ஆனைவிளைக்காரன் தூக்கிட்டுப் போவான்" என்றார் சங்கத் தலைவர்.

தேங்காய்க் கடைக்காரர் தவசி சாமி எழும்பிப் போய்விட்டால் தான் எங்கே போவது என்று கேட்டார். ஒரு பெண் எழுந்து, தன் வீட்டுக்காரர் வெண்டிலேட்டரிலிருந்து எழும்பி வந்தது இந்தச் சாமியால்தான், சாமியைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று அழுதாள். ஒவ்வொருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதுதான் தொல்லை. இத்தனை வருசத்தில் ஊர் அந்த மனுசன்மேல் ஒரு வீட்டையே கட்டிவிட்டது, அவன் எழுந்தால் அது எல்லோர் தலையிலும் விழும். சுயம்பு பேசத் தெரியாதவன். "நான் அன்னைக்கு ஜெயிக்கல" என்று மட்டும் சொன்னான். "புத்தியாத்தானவே ஆடுனீரு" என்று நாலைந்து பேர் ஆறுதல் சொன்னார்கள், அவன் காதைப் பொத்திக்கொண்டான்.

கடைசியில் செல்வக்கனி எழுந்தாள். ஊர்க் கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை.

"ஊருக்குச் சாமி வேணும்னா வேற ஆளப் பாருங்க. இவிய என் வீட்டுக்காரரு" என்றாள்.

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சரி, ஆனைவிளைக்காரன் சம்மதித்தால் பார்ப்போம் என்றார்.

ஆனைவிளையில் ஞானதுரை இப்போது மாவு மில் வைத்திருந்தான். உடம்பெல்லாம் மாவு, முன்னால் தொந்தி. சுயம்பு சொல்லி முடிக்கும்வரை மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"நான் மல்லாந்து கெடந்தேன்லா, ஏன்வே தொடல?" என்றான். "தொட்டிருந்தா நான் செத்திருப்பேன், எங்க கட்டத்துல போயி உக்காந்திருப்பேன், அவன் எழும்பியிருப்பான். வீட்டுக்குப் போயிருப்போம் எல்லாரும்."

சுயம்பு குனிந்து, அன்றைக்கு நீட்டாமல் விட்ட காலைப் பார்த்தான்.

"வாரோம்" என்றான் ஞானதுரை. "ஆனா ஒண்ணு, பாவம்னு தொட விடமாட்டேன். பொய்யாத் தொட்டா அவன் எழும்ப மாட்டான். புடிக்கத்தான் செய்வோம், பாத்துக்கிடும்."

குறித்த நாளில் சாயந்தர வெயிலில் இரண்டு அணியும் களத்தில் இறங்கின. நரைத்தவர்கள், சொட்டை விழுந்தவர்கள், சர்க்கரை வியாதிக்காரர்கள், ஒருவருக்கு இருதய ஆபரேஷன் ஆகியிருந்தது. உயிரோடு இல்லாதவர்களின் இடத்தைக் காலியாகவே விட்டிருந்தார்கள். சுற்றுப்பட்டு ஊரெல்லாம் வந்திருந்தது, ஆனால் யாரும் கை தட்டவில்லை. செல்வக்கனி அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றாள். அருள்மணி சார் களத்தின் நடுவில் வந்து, அன்றைய கடைசிப் பாட்டு செல்லாது, ஆட்டம் தொடருகிறது என்று நடுங்கும் குரலில் சொல்லிக் கையை இறக்கினார்.

சுயம்பு கட்டத்தைப் பார்த்தான், நடுக்கோட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான், கபடி கபடி கபடி என்று உள்ளே போனான், கிழிந்து ஒட்டிய முட்டி ஒவ்வோர் அடிக்கும் மடங்கிக்கொடுக்க, வயதான மூச்சு பழைய மிஷினைப் போலத் தட்டித் தட்டி ஓட, போனான், இடது பக்கம் போக்குக் காட்டி வலது பக்கம் போனான், ஆனைவிளைக் கிழவர்கள் கைகோத்துக்கொண்டு அரைவட்டமாக அவனைச் சுற்றி வளைக்க, சுற்றி வளைத்தது தெரிந்தும் இன்னும் உள்ளே போனான், இந்த முறை ஞானதுரைக்குக் கால் வாரவில்லை, அவன் ஆலமரத்துத் தூரைப் போல நின்றான், சுயம்பு பாடிக்கொண்டே குனிந்து நல்ல காலை ஊன்றிக் கெட்ட காலை நீட்டினான், பெருவிரல் ஞானதுரையின் கணுக்காலில் பட்டது, பட்ட அதே நொடியில் ஞானதுரை அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்தான், மற்றவர்கள் மேலே விழுந்தார்கள், அத்தனை பேரும் விழுந்தார்கள், நெஞ்சில் யாருடைய முட்டியோ ஏறியது, அன்றைக்குத் தவசிக்கு எப்படி இருந்திருக்கும் என்று சுயம்புவுக்கு அப்போது தெரிந்தது. பாட்டை மட்டும் அவன் விடவில்லை. மண்ணைப் பிராண்டிப் பிராண்டி, அந்தக் கனத்தையெல்லாம் முதுகில் இழுத்துக்கொண்டு, கபடி என்பது வெறும் ககக என்று தேய்ந்து போன பிறகும் நகர்ந்தான். நடுவிரல் நடுக்கோட்டைத் தாண்டியது.

அருள்மணி சார் கையை உயர்த்தினார். பிறகு கட்டத்தின் பக்கம் திரும்பி, வா என்று விரலை மடக்கினார்.

தவசி எழும்பினான். தொடையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான், மரத்துப்போன காலை இரண்டு உதறு உதறினான், கோட்டைத் தாண்டிக் களத்துக்குள் வந்தான். நேராக வந்தது கீழே கிடந்த சுயம்புவிடம்தான். கை கொடுத்துத் தூக்கி நிறுத்தி, அவன் முதுகு மண்ணையும் தட்டிவிட்டான். கை சூடாக இருந்தது. அப்போதுதான் செல்வக்கனியைப் பார்த்தான். அவளுடைய நரையோ சுருக்கமோ அவன் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை.

"ஏட்டி, மாசமா இருக்கவ வெயில்ல நிக்காதன்னு சொன்னேம்லா? வீட்டுக்குப் போ. நான் பின்னாலயே வாரேன்."

"சரி, போறேன்" என்றாள் செல்வக்கனி. "நீங்க வாங்க."

தவசி சுற்றிலும் பார்த்தான். நின்றவர்கள் எல்லோரும் கிழவர்களாக இருந்தது அவனுக்குக் கொஞ்சம் குழப்பமாக இருந்திருக்க வேண்டும். பக்கத்தில் மூச்சிரைத்துக்கொண்டு நின்றவரிடம் மரியாதையாகக் கேட்டான்.

"நல்ல பாட்டு அண்ணாச்சி. எங்க மாப்ள சுயம்பு எங்க? காணும்?"

பெண்டாட்டியைத் தெரிந்த கண்ணுக்கு எதிரே நின்ற சுயம்புவைத் தெரியவில்லை. சுயம்புவுக்குச் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது, இத்தனை வருசமும் வேனில் ஜன்னலோரமாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தது அத்தனையும் இருந்தது.

"என்னை எழுப்புனது அவன்தான?" என்று கேட்டான் தவசி.

"அவன்தான் தம்பி" என்றான் சுயம்பு. "அவன்தான் எழுப்புனான்."

"எனக்குத் தெரியும் அண்ணாச்சி. என்னை விட்டுட்டுப் போவ மாட்டான்" என்று தவசி சிரித்தான்.

அருள்மணி சார் விசிலை வாயில் வைத்தபடியே நின்றார். நேரம் எப்போதோ தீர்ந்துவிட்டது, ஊதினால் ஆட்டம் முடிந்தது, ஊதாதவரை தவசி சிரித்துக்கொண்டு நிற்பான். அவர் ஊதவில்லை. ஊர் மொத்தமும் செல்வக்கனியைப் பார்த்தது, யாராவது ஒருவர் வேண்டாம் என்று சொல்ல மாட்டாரா என்று சுயம்பு வேண்டிக்கொண்டான். அவள் அந்த இளம் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் ஒருமுறை நன்றாகப் பார்த்தாள்.

"அவியளுக்கு அசதியா இருக்கும். ஊதுங்க சார்" என்றாள்.

விசில் ஊதியது. தவசி சுயம்புவின் தோளில் கையைப் போட்டான், அந்தக் கையோடு அப்படியே சாய்ந்தான், சுயம்பு தாங்கிப் பிடித்துக் கீழே உட்கார்ந்தான். செல்வக்கனி வாயைத் திறந்தாள். அந்த அழுகை ஆனைவிளை வரைக்கும் கேட்டது என்று சொல்கிறார்கள், அவள் வாயை அன்றைக்கு யாரும் பொத்தவில்லை, பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவளோடு அழுதார்கள். கேடயம் யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

தூக்கினார்கள். ஒரு ஆளின் கனம்தான் இருந்தான். தலைமாட்டை ஞானதுரை பிடிக்க வந்தபோது சுயம்பு விட மாட்டேன் என்று சொல்லித் தானே பிடித்துக்கொண்டான், நொண்டிக்கொண்டே தேரி மேட்டில் ஏறினான், ஏறும்போது குனிந்து தவசியின் காதில் நான்தாம்ல மாப்ள, நான்தாம்ல, நான்தாம்ல என்று சொல்லிக்கொண்டே போனான். மயானம் வரைக்கும், பாடிப் போகிறவனைப் போல, சுயம்பு நடுவில் மூச்சு விட்டதை ஒருவரும் பார்க்கவில்லை.